உப்புப் பூத்த நீலம்

எகிப்திய ஃபயான்ஸ் சில்லு ஒன்றைக் கையில் வாங்குகிறவர்கள் முதலில் அதன் நீலத்திலேயே நின்றுவிடுவார்கள். மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் மண்ணுக்குள் கிடந்தும் வற்றாத நீலம் அது. நிற்பதில் தவறே இல்லை. இந்தப் பொருளைப் படிப்பதையே வேலையாகக் கொண்டவர்கள் மட்டும் சில்லைப் புரட்டி, உடைந்த விளிம்பை உருப்பெருக்கியின் கீழ் கொண்டுபோவார்கள். அங்கே இரண்டு பட்டைகள் தெரியும். வெளியே, பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிப்பில், கண்ணாடி மெருகு. உள்ளே வெள்ளையாகவோ சாம்பலாகவோ இளம் பழுப்பாகவோ, மணல்மணலாக ஓர் உடல். பார்ப்பதற்குப் பானை ஓடு போல இருந்தாலும் அந்த உடலில் களிமண் கிடையாது. பொடித்த குவார்ட்ஸ் கல் அல்லது சலித்த மணல்தான் அது. நூற்றுக்கு 90 பங்குக்கு மேல், பல சில்லுகளில் 95 பங்குக்கும் மேல், வெறும் சிலிக்கா. மீதியில் கொஞ்சம் சுண்ணாம்பு, கொஞ்சம் சோடா உப்பு, துளி செம்பு.

ஃபயான்ஸ் என்ற பெயர் தவறாக ஒட்டிக்கொண்டது. இத்தாலியின் ஃபயென்சா நகரத்துப் பாண்டங்கள் களிமண்ணால் ஆனவை, வெள்ளீயம் கலந்த மெருகு பூசியவை. எகிப்தியப் பொருளுக்கும் அவற்றுக்கும் உறவில்லை. ஆனால் ஐரோப்பிய ஆய்வாளர்கள் பழகிய பெயரையே இதற்கும் வைத்துவிட்டார்கள், அது நிலைத்துவிட்டது.

அருங்காட்சியகங்களில் தனி விளக்கொளியில் நிற்பவை முழுப் பாண்டங்கள். அவற்றை அறுத்துப் பார்க்க யாரும் விடமாட்டார்கள், விடவும் கூடாது. ஒரு முழுக் கிண்ணம் தன் வெளித்தோலை மட்டுமே காட்டும். அது எப்படி உருவானது, எந்த உப்பு, எந்தச் செம்பு, எத்தனை சூடு என்ற கேள்விகளுக்கெல்லாம் இன்று நம்மிடம் உள்ள பதில்களில் பெரும்பங்கு, இழுப்பறைகளில் எண் எழுதி அடுக்கியிருக்கும் உடைசல்களிலிருந்து வந்தது. பார்வையாளர்கள் கடந்துபோகும் அந்த இழுப்பறைகள்தான் இந்தப் பொருளின் உண்மையான நூலகம் என்று நான் நினைக்கிறேன்.

குயவரின் விரலுக்குக் களிமண் இணங்குவதற்குக் காரணம் உண்டு. அதன் துகள்கள் மிக நுண்ணிய தகடுகள். இடையில் நீர் புகுந்தால் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். விட்ட இடத்தில் நிற்கும். பொடித்த குவார்ட்ஸுக்கு இந்தக் குணம் இல்லை. ஒவ்வொரு துகளும் கோணல்மாணலான உடைசல். நீர்விட்டுப் பிசைந்தால் முதலில் விறைப்பாக நிற்கும். அழுத்தத் தொடங்கியதும் இளகி ஓடப் பார்க்கும். வேகமாக வளைத்தால் விரிசல் விடும். சக்கரத்தில் ஏற்றி இழுத்து உயர்த்துவதற்கு இது ஏற்ற பசை அல்ல. ஆகவே எகிப்தியர்கள் வேறு வழிகளில் போனார்கள். மணிகளைக் கையால் உருட்டினார்கள், அல்லது நாணல், நூல் போன்றவற்றைச் சுற்றிப் பிடித்தார்கள். சிறு உருவங்களைச் சுட்ட மண் அச்சில் அழுத்தி எடுத்தார்கள். பாண்டம் என்றால் ஓர் உள்கருவின் மேலோ வார்ப்பு வடிவின் மேலோ பசையை அப்பி, ஓரளவு காய்ந்ததும் கத்தியால் சீவி, மெல்லியதாக்கி, பகுதிகளைத் தனித்தனியாகச் செய்து ஈரப்பசையால் ஒட்டினார்கள். கழுத்து ஓரிடம், அடிப்பீடம் ஓரிடம் என்று ஒட்டிய தடம் உடைந்த துண்டுகளில்தான் தெரியும். பல பாண்டங்கள் அந்த ஒட்டிலேயே உடைந்திருக்கின்றன.

இப்படி ஒரு முரட்டுப் பசையை வைத்துக்கொண்டு அவர்கள் செய்த அளவு வியக்கவைக்கிறது. கி.மு. 4000-ஐ ஒட்டியே மணிகள் தொடங்கிவிட்டன. அதற்கு முன்னால், மன்னராட்சி தோன்றாத காலத்து எகிப்தின் பதாரி மக்கள் மாக்கல் மணிகளுக்கு நீல மெருகு ஏற்றப் பழகியிருந்தார்கள். கி.மு. 2650 அளவில் சக்காராவில் மன்னர் ஜோசருக்குப் படிப் பிரமிடு எழுந்தபோது, நிலத்தடி அறைகளின் சுவர்களுக்கு மட்டும் சுமார் 36,000 நீல ஓடுகள் தேவைப்பட்டன. ஒவ்வொரு ஓட்டின் முன்முகமும் லேசாகப் புடைத்திருக்கும். பின்னால் ஒரு மேடு, அதில் கயிறு கோக்க ஒரு துளை. கோத்துச் சுவரில் பதித்தால், நாணல் பாய் தொங்கவிட்ட அரண்மனைச் சுவர் போலத் தோன்றும். ஒரே அளவில், ஒரே நிறத்தில், ஆயிரக்கணக்கில் ஒரு பொருளைச் செய்ய வேண்டுமானால் மூலப்பொருளை அளந்து கலக்கவும் சூளையை அடக்கி ஆளவும் தெரிந்திருக்க வேண்டும். அந்த ஒழுங்கு பிரமிடு யுகத்தின் வாசலிலேயே இருந்திருக்கிறது.

இனி மெருகுக்கு வருவோம். ஃபயான்ஸின் அழகெல்லாம் இங்கேதான் இருக்கிறது, வேதியியலும் இங்கேதான்.

மழைக்காலம் முடிந்து வெயில் ஏறும் நாட்களில், வீட்டுச் சுவரின் அடிப்பகுதியில் வெள்ளையாக உப்புப் பூத்து நிற்பதை நாம் பார்த்திருக்கிறோம். சுவருக்குள் இறங்கிய ஈரம் உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியே வருகிறது. மேற்பரப்பில் நீர் ஆவியாகிவிடுகிறது, உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது. எகிப்தியர்கள் இதே நிகழ்வைத் தொழில்நுட்பமாக மாற்றினார்கள். குவார்ட்ஸ் பொடியோடு சோடா உப்பையும் செம்புத் தூளையும் சேர்த்துப் பிசைந்து, வடிவம் கொடுத்து, காயவிட்டார்கள். காயக் காய உள்ளே கரைந்திருந்த உப்பு, செம்பையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு மேற்பரப்புக்கு வந்து வெள்ளைப் படலமாகப் பூக்கும். அந்தப் படலத்தோடேயே பொருளைச் சூளையில் ஏற்றினால், 800 முதல் 1000 டிகிரி செல்சியஸ் வரையான சூட்டில் உப்பு உருகும். சிலிக்கா தனியாக உருக 1700 டிகிரிக்கு மேல் வேண்டும். சோடாவின் துணை கிடைத்ததும் அது மிகக் குறைந்த சூட்டிலேயே இளகிவிடும். மேற்பரப்பில் உப்பு சேர்ந்த இடத்தில் மட்டும் சிலிக்கா கண்ணாடியாகும். உப்புக் குறைந்த உட்பகுதி மணலாகவே நிற்கும். யாரும் பூசாமல், பொருள் தன் மெருகைத் தானே உள்ளிருந்து எடுத்து உடுத்திக்கொள்கிறது.

காய்ந்த விதம் சில்லில் எழுதப்பட்டிருக்கும். ஆவியாதல் வேகமாக நடக்கும் விளிம்புகளில் மெருகு தடித்திருக்கும். காற்றுப் படாத குழிவுகளில் மெலிந்திருக்கும். தரையில் பொருந்தி உட்கார்ந்த அடிப்பகுதியில் உப்புப் பூக்க வழியே இல்லாததால் சில சமயம் மெருகு முற்றிலும் இராது. ஒரு கிண்ணத்தின் அடிச்சில்லில் மெருகற்ற ஒரு வட்டத்தைக் கண்டால், அந்தக் கிண்ணம் எப்படி வைத்துக் காயவிடப்பட்டது என்பதைக் காண்கிறோம்.

இது ஒரு வழி. இன்னொன்று, மெருகுக்கான பொடியைக் கூழாகக் கரைத்து மேலே பூசுவது அல்லது பொருளை அதில் முக்குவது. அப்படிச் செய்தவற்றில் வழிந்த தடமும் பூச்சு நின்ற விளிம்பும் தெரியும். மூன்றாவது வழி ஆய்வாளர்களுக்கு ஈரானிலிருந்து கிடைத்தது. 1960-களில் கோம் நகரத்துப் பட்டறைகளில், கழுதைகளுக்குக் கண்ணேறு படாமல் கழுத்தில் கட்டும் நீல மணிகளைச் செய்துவந்தார்கள். ஹான்ஸ் வுல்ஃபும் அவருடைய கூட்டாளிகளும் அதைப் பார்த்துப் பதிவுசெய்து 1968-இல் வெளியிட்டார்கள். குவார்ட்ஸ் மணிகளைத் தாவரச் சாம்பல், சுண்ணாம்பு, குவார்ட்ஸ், கரி, செம்பு கலந்த பொடிக்குள் புதைத்து, அப்படியே சுமார் 1000 டிகிரியில் சுடுவார்கள். ஆறியபின் பொடி உதிர்ந்துவிடும். உள்ளிருந்து, சுற்றிலும் ஒரே சீராக மெருகேறிய மணிகள் வரும். எந்தப் பக்கமும் தரையில் படாததால் அடித்தடம் இல்லை. பழைய எகிப்திய மணிகள் சிலவற்றிலும் அடித்தடம் இல்லை என்பதால், அங்கும் இந்த முறை இருந்திருக்கலாம் என்ற கருத்து வலுப்பட்டது.

1980-களில் மைக்கேல் டைட்டும் மேவிஸ் பிம்சனும் இந்த மூன்று முறைகளிலும் ஆய்வகத்தில் மாதிரிகள் செய்து, அவற்றின் வெட்டுமுகத்தை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்து, பழஞ்சில்லுகளோடு ஒப்பிட்டார்கள். உப்புப் பூக்கவைத்த மாதிரியில், மேலே வராமல் உள்ளேயே தங்கிய உப்பு குவார்ட்ஸ் துகள்களுக்கிடையே கண்ணாடிப் பாலங்களாக மாறியிருந்தது. பொடியில் புதைத்துச் சுட்டதில் உள்ளே கண்ணாடி மிகக் குறைவு. ஆகவே உடல் பலவீனமானது. ஒரு முறையை மற்றொன்றிலிருந்து எல்லாச் சில்லுகளிலும் தெளிவாகப் பிரித்துவிட முடியாது. கைவினைஞர்கள் முறைகளைக் கலந்தும் பயன்படுத்தினார்கள். மண்ணுக்குள் கிடந்த காலமும் தடயங்களை அழித்திருக்கிறது. அப்படியிருந்தும், எந்த ஓவியத்திலும் எழுத்திலும் அவர்கள் தெளிவாக விட்டுச்செல்லாத ஒரு செய்முறையை, உடைந்த விளிம்பின் அரை மில்லிமீட்டரிலிருந்து இவ்வளவு தூரம் மீட்டெடுத்திருக்கிறார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆய்வாளர்கள்மேலும் அந்தக் கைவினைஞர்கள்மேலும் ஒரே நேரத்தில் மரியாதை வருகிறது.

நீலத்தைக் கொடுப்பது செம்பு. சோடா நிறைந்த கண்ணாடிக்குள் செம்பு அயனிகள் கரையும்போது அவை ஒளியின் சிவப்புப் பக்கத்தை விழுங்கிவிடுகின்றன. எஞ்சி வருவது நீலமும் பசுமையும் கலந்த ஒளி. அதே செம்பு, ஈயம் நிறைந்த மெருகில் பச்சையாகிவிடும். மணலில் இரும்பு கலந்திருந்தாலும் நிறம் பச்சைக்கு நகரும். எனவே அந்த வானநீலத்தை வரவைக்க மணல் சுத்தமாக இருக்க வேண்டும், உப்பின் அளவு சரியாக இருக்க வேண்டும், சூளையில் காற்றோட்டம் குறையக் கூடாது.

அந்தச் செம்பு எங்கிருந்து வந்தது? இதற்கும் சில்லுகளே பதில் சொல்கின்றன. அலெக்சாண்டர் காச்மார்சிக்கும் ராபர்ட் ஹெட்ஜஸும் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஃபயான்ஸ் பொருள்களை ஊடுகதிர் ஒளிர்வு முறையில் ஆராய்ந்து 1983-இல் வெளியிட்ட நூலில் ஒரு செய்தி பளிச்சென்று தெரிந்தது. புதிய அரசுக் காலத்தில், கி.மு. 15-ஆம் நூற்றாண்டை ஒட்டி, நீல மெருகில் செம்போடு வெள்ளீயமும் சேர்ந்து வரத் தொடங்குகிறது. செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தால் வெண்கலம். பட்டறைக்காரர்கள் தாதுவைத் தேடிப் போகாமல் வெண்கலச் சீவலையோ, காய்ச்சும்போது உதிரும் செதிலையோ பொடித்துப் போட்டிருக்கிறார்கள். ஃபயான்ஸ் பட்டறைக்கும் உலோகப் பட்டறைக்கும் இருந்த உறவு இப்படி ஒரு நிறமியின் அசுத்தத்தில் பதிந்து கிடக்கிறது.

மன்னர் மூன்றாம் அமென்ஹோத்தெப், அவர் மகன் அகெனாதென் காலத்தில் வண்ணப் பலகை திடீரென்று விரிந்தது. ஈயமும் ஆன்டிமனியும் சேர்ந்த மஞ்சள், இரும்புச் சிவப்பு, பால் வெள்ளை, இளம்பச்சை, கருநீலம் எல்லாம் வந்தன. அந்தக் கருநீலத்துக்குக் காரணம் கோபால்ட். துத்தநாகமும் நிக்கலும் மாங்கனீசும் சேர்ந்து வரும் அதன் தனித்த கூட்டை வைத்துத் தேடியபோது, அது நைலுக்கு மேற்கே பாலைவனத்தில் இருக்கும் கார்கா, தாக்லா சோலைகளின் படிகாரத்தைக் காட்டியது. அகெனாதெனின் தலைநகரான அமர்னாவில் தொல்லியலாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி 1891-92-இல் தோண்டியபோது ஆயிரக்கணக்கான மண் அச்சுகளை எடுத்தார். அவர் கணக்கில் அவை ஏறத்தாழ 5,000. திராட்சைக் குலை, செவ்வந்தி போன்ற பூ, மீன், மன்னரின் பெயர் வளையம் என்று ஒவ்வொன்றும் கட்டைவிரல் அளவில். சில அச்சுகளில் பசை இன்னும் ஒட்டியிருந்தது. அமர்னா குறுகிய காலமே வாழ்ந்த நகரம். ஆகவே அங்கே கிடைக்கும் பட்டறைக் கழிவு எல்லாம் ஒரே தலைமுறையின் கைவேலை. ஆய்வாளருக்கு இது பெரிய கொடை.

பாண்டங்களுக்கு வருகிறேன். ஃபயான்ஸ் பாண்டங்களில் என் மனத்துக்கு மிக நெருக்கமானவை 18-ஆம் வம்சத்துக் காலத்தின் ஆழமற்ற நீலக் கிண்ணங்கள். நீல மெருகின் மேல் மாங்கனீசு சேர்ந்த கறுப்பில் கோட்டோவியம். நடுவில் சதுரமாக ஒரு குளம், அதைச் சுற்றி அல்லிப் பூக்களும் பாப்பிரஸ் குலைகளும். இடையில் மீன்கள், வாயில் அல்லித் தண்டைக் கவ்வியபடி. சில கிண்ணங்களில் மூன்று மீன்கள் ஒரே தலையைப் பகிர்ந்துகொண்டு சுழலும். வெளிப்புறத்தில் இதழ்கள் விரிய, கிண்ணமே ஒரு பூவாகிவிடும். நீர் ஊற்றினால் உள்ளே இருக்கும் குளம் நிறையும். லெய்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒன்றில் ஓர் இளம்பெண் தந்திக் கருவி மீட்டுகிறாள். பின்னால் ஒரு குரங்கு நிற்கிறது.

அந்த மீன் திலாப்பியா. நம் சந்தையில் ஜிலேபி மீன் என்ற பெயரில் விற்கும் மீனின் நைல் உறவு. இந்த மீனின் தாய், முட்டைகளை வாய்க்குள் எடுத்து வைத்துப் பொரிக்கும்; குஞ்சுகள் தாயின் வாயிலிருந்து நீந்தி வெளியே வரும். நைல் கரையில் அதைப் பார்த்தவர்களுக்கு அது இறப்பிலிருந்து எழும் உயிரின் படமாகத் தெரிந்தது. நீரிலிருந்து காலையில் விரிந்து பின்பு கூம்பும் நீல அல்லியும் அவர்களுக்கு அதையே சொன்னது. ஆகவே இந்தக் கிண்ணங்கள் கல்லறைகளிலும் கிடைக்கின்றன. அரசர் பள்ளத்தாக்கில் புதைக்கப்பட்ட மைஹெர்பிரி என்ற பிரபுவின் கல்லறையில், 1899-இல், மானும் மீனும் வரைந்த ஒரு நீலக் கிண்ணம் முழுதாகக் கிடைத்தது.

முழுதாகக் கிடைப்பது அபூர்வம். பெரும்பான்மை, ஹாத்தோர் என்ற தேவியின் கோயில்களில் சில்லுகளாகக் கிடைத்தது. தீப்ஸ் நகரின் எதிர்க்கரையில் தெய்ர் எல்-பஹ்ரியில் எதுவார் நவீல் 1903 முதல் 1907 வரை நடத்திய அகழ்வில், ஹாத்தோர் சன்னதியை ஒட்டிய குப்பைமேடுகளிலிருந்து மணிகள், பசு உருவங்கள், காது பொறித்த தகடுகள், கிண்ண உடைசல்கள் என்று நீலமாக வெளிவந்தன. மக்கள் கொண்டுவந்த காணிக்கைகள் சன்னதியில் குவியும்போது, புதியவற்றுக்கு இடம்விடப் பழையவற்றைப் பூசகர்கள் அள்ளி வெளியே சேர்த்திருக்கிறார்கள்.

சினாயில் செராபித் எல்-காதிம் என்ற மலைமேட்டுக் கோயிலின் கதை இன்னும் முக்கியமானது. அங்கே எகிப்தியர்கள் டர்க்காய்ஸ் கல் வெட்டப் போனார்கள். ஹாத்தோருக்கு அங்கே ‘டர்க்காய்ஸின் தலைவி’ என்று பெயர். 1904-05 குளிர்காலத்தில் பெட்ரி அங்கே வேலை செய்தபோது, ஃபயான்ஸ் உடைசல்கள் குவியல் குவியலாகக் கிடைத்தன: கிண்ணங்கள், குவளைகள், வளையல்கள், கழுத்தணியின் எடைக்கட்டிகள். பலவற்றில் மன்னர்களின் பெயர். அந்தப் பெயர்களைச் சேர்த்து வரிசைப்படுத்தியதில், முதலாம் அகமோசே தொடங்கி ஆறாம் ராம்சேஸ் வரை ஏறத்தாழ நானூறு ஆண்டுகளின் பயணக்குழுக்கள் அங்கு வந்துபோனது தெரிந்தது. கல்வெட்டு இல்லாத ஆட்சிக்கும் ஒரு விரல்நீளச் சில்லு சாட்சியாக நிற்கிறது.

ஃபயான்ஸ் பற்றிப் பல நூல்கள் சொல்வது ஒன்றுண்டு: டர்க்காய்ஸ், லாபிஸ் லசூலி போன்ற விலையுயர்ந்த கற்களுக்கு மலிவான மாற்றாக இதைச் செய்தார்கள் என்று. லாபிஸ் ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷானிலிருந்து வர வேண்டியிருந்தது, டர்க்காய்ஸுக்குப் பாலைவனம் கடக்க வேண்டியிருந்தது என்பதெல்லாம் உண்மை. ஆனால் செராபித்தில் அந்த விளக்கம் நிற்கவில்லை. உண்மையான டர்க்காய்ஸ் காலடிப் பாறையிலேயே இருக்கும் இடம் அது. அதை வெட்டியெடுக்கும் குழுக்கள் அந்தக் கல்லின் தேவிக்கே, நைல் பள்ளத்தாக்கிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் சுமந்துவந்து ஃபயான்ஸைக் கொடுத்திருக்கிறார்கள். கல்லுக்குப் பதிலாகப் போலி கொடுக்க யாரும் அவ்வளவு தூரம் சுமக்கமாட்டார்கள். எகிப்தியர்கள் இதற்கு வைத்த ‘ட்செஹெனெத்’ என்ற பெயர் ஒளிர்தலைக் குறிப்பது. மணலும் உப்பும் நெருப்பில் ஒளியாக மாறுவதைத்தான் அவர்கள் தேவிக்குப் பொருத்தமாகக் கண்டார்கள் என்று எனக்குப் படுகிறது.

ஃபயான்ஸ் ஏன் இவ்வளவு சில்லுகளாக மிஞ்சியது என்பதற்குக் கல்லறைக் கொள்ளையரும் ஒரு விடை வைத்திருக்கிறார்கள். 1903 ஜனவரியில் ஹோவர்ட் கார்ட்டர் மன்னர் நான்காம் தத்மோசின் கல்லறையைத் திறந்தபோது தரையெங்கும் நீல உடைசல். நீர்வார்க்கும் குவளைகள், உயிர்க்குறி வடிவங்கள், எறிகோல்கள், சுருள் ஏடு போன்ற உருவங்கள், எல்லாம் மன்னரின் பெயரோடு, உடைந்தும் சிதறியும். கல்லறை பழங்காலத்திலேயே சூறையாடப்பட்டிருந்தது. ஹொரெம்ஹெப் மன்னரின் எட்டாம் ஆட்சியாண்டில் மாயா என்ற அதிகாரி வந்து அடக்கத்தைச் சீர்செய்ததைச் சுவரில் எழுதியே வைத்திருக்கிறார். திருடர்கள் தேடியது பொன், வெண்கலம், வாசனை எண்ணெய், துணி. வெண்கலத்தை உருக்கி விற்கலாம். கண்ணாடியைக்கூட உருக்கி மறுபடி வார்க்கலாம். ஃபயான்ஸை எதுவும் செய்ய முடியாது. உடைந்த நிமிடத்தில் அதன் சந்தை மதிப்பு முடிந்தது. அதே காரணத்தால் அது நமக்கு மிஞ்சியது. எத்தனையோ உலோகப் பாண்டங்கள் பல முறை உருகி வடிவம் மாறிக் காணாமல் போன பிறகும், இந்த நீல உடைசல்கள் விழுந்த இடத்தில் அப்படியே கிடந்தன. இன்று அவற்றில் பல கெய்ரோவிலும் பாஸ்டனிலும் இருக்கின்றன.

உடைசல்களை ஒட்டிச் சேர்த்ததில் மிகப் பெரியது லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. இரண்டாம் அமென்ஹோத்தெப்பின் பெயர் தாங்கிய, தேவர்கள் கையில் பிடிக்கும் வாஸ் செங்கோல். அதை நக்காதாவில் சேத் கோயிலில் பெட்ரி துண்டுகளாகக் கண்டெடுத்தார். சேர்த்தபின் உயரம் சுமார் 216 சென்டிமீட்டர். அறியப்பட்ட ஃபயான்ஸ் பொருள்களில் இதைவிடப் பெரியது இல்லை. கையில் அடங்காத அந்தப் பசையால் ஆளுயரத்தையும் மிஞ்சிய பொருளைச் செய்து, விரிசல் விடாமல் உலர்த்தி, மேலும் கீழும் ஒரே சூடு வரும்படி சுட்டவர்கள் யாரென்று பெயர் தெரியாது.

பின்னாளைய பாண்டங்களைச் சுருக்கமாகவே சொல்கிறேன். கி.மு. முதல் ஆயிரமாண்டின் தொடக்கத்தில் துனா எல்-கெபல் பகுதியில் அல்லி வடிவக் கிண்ணங்கள் வந்தன. சிறிய தண்டின் மேல், உடல் முழுக்கச் சதுப்புநிலக் காட்சிகளைப் புடைப்பாகக் கொண்டவை. அவையும் பெரும்பாலும் துண்டுகளே. தாலமி மன்னர் காலத்தில் கிரேக்க வடிவக் குடங்களில் அர்சினோயே, பெரெனிகே போன்ற அரசிகள் நீர் வார்க்கும் காட்சி வந்தது. டோரத்தி பர் தாம்சன் அந்தக் குடங்களின் சில்லுகளைத் தொகுத்து 1973-இல் வெளியிட்ட நூல், உடைந்த முகங்களிலிருந்து ஓர் அரசவழிபாட்டையே மீட்டுத் தந்தது.

பாரிஸின் லூவரில் இரண்டாம் ராம்சேஸின் பெயர் எழுதிய நீல ஜாடிகள் இருக்கின்றன. அந்த மன்னரின் உள்ளுறுப்புகளை வைத்த ஜாடிகள் என்று நீண்டகாலம் நம்பினார்கள். 2007-இல் வெளியான ஆய்வு, உள்ளே ஒட்டியிருந்த எச்சத்தைக் கரிமக் காலக்கணிப்புக்கும் மூலக்கூறு ஆய்வுக்கும் உட்படுத்தியது. ராம்சேஸ் இறந்தது கி.மு. 1213-இல். எச்சங்களோ நூறு ஆண்டுகளுக்கு மேல் பிந்தியவை; ஒன்று பல நூற்றாண்டுகள் பிந்தியது. எச்சங்களில் கொழுப்பும் தாவர எண்ணெயும் கலந்த தைலம் இருந்தது. பாண்டம் ஒரு காலத்தது, உள்ளடக்கம் இன்னொரு காலத்தது. நுண்துளை நிறைந்த அந்த மணல் உடல் எச்சத்தைப் பிடித்து வைத்திருந்ததால்தான் இந்தக் கேள்வியையே கேட்க முடிந்தது.

அதே நுண்துளைகள்தான் ஃபயான்ஸின் இன்றைய ஆபத்தும். மண்ணுக்குள் கிடந்த காலத்தில் நிலத்து உப்புகள், முக்கியமாகக் குளோரைடுகள், உடலுக்குள் ஊறியிருக்கும். வறண்ட எகிப்திய மண்ணில் அவை அமைதியாகக் கிடந்தன. ஈரம் ஏறி இறங்கும் ஊர்களின் சேமிப்பறைக்கு வந்ததும் உப்பு கரைகிறது, நகர்கிறது, மெருகுக்கு அடியில் படிகமாகிறது. படிகம் வளர இடம் கேட்கும். மெருகு செதில் செதிலாகக் கழன்று விழும். நீலத்தைப் பிறப்பித்த அதே உப்புப் பூத்தல், இப்போது நீலத்தை உரிக்கிறது.

இதற்கு நேரான வைத்தியம் நீரில் ஊறவைத்து உப்பை வெளியேற்றுவது. உறுதியான மெருகுள்ள துண்டுக்கு அது உதவலாம். ஆனால் மண்ணில் சோடா கரைந்து ஏற்கெனவே வெளிறிப்போன மெருகு, நீரில் மேலும் கரையும். உள்ளே இருந்த தைல எச்சமும் கறுப்புக் கோட்டோவியமும்கூடப் போய்விடலாம். அகழ்வுக் காலத்தில் கிடைத்தவற்றைப் பங்கிட்டு, பண உதவி செய்த அருங்காட்சியகங்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டதால், ஒரே இடத்தின் சில்லுகள் பல நாடுகளில், வெவ்வேறு தட்பவெப்பத்தில் இருக்கின்றன. ஓரிடத்தில் பளிச்சென்றிருக்கும் நீலம் இன்னோரிடத்தில் மங்கி உதிர்ந்துகொண்டிருக்கலாம். எனவே பாதுகாப்பாளர்கள் ஒவ்வொரு சில்லையும் தனித்தனியாகச் சோதித்து, தண்ணீரைத் தொடுவதற்கு முன் பலமுறை யோசித்து, முடிந்தவரை ஈரப்பதம் மாறாத பெட்டிகளில் உலர்வாக வைக்கிறார்கள். இன்னும் அறுத்துப் பார்க்காத, படமெடுக்காத, எந்த ஆய்வுக்கும் போகாத உடைசல்கள் ஏராளம் இருக்கின்றன. அவை அடுத்த கேள்வி வரும்வரை உதிராமல் இருக்க வேண்டும்.